பதினோரு ஜாமீன்தாரர்கள்

கதவு சாத்த மாட்டேன் என்றது.

பூதலிங்கம் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். ஐப்பசி மழையில் தெருக்கதவு ஊதிப் போயிருந்தது. தாழ்ப்பாளோ முந்தின நாளே ஆணி கழன்று தரையில் கிடந்தது. மனைவியை அடிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்துவது அவருடைய வழக்கம். முதலில் கதவு, அப்புறம் ஜன்னல், அப்புறம் ரேடியோ, கடைசியில் சுகிர்தா. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் அல்லவா, எதையும் முறையாகச் செய்கிறவர். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அந்த வரிசை தவறியதில்லை.

அன்றைக்குச் சுகிர்தா செய்த குற்றம், விபூதிக் கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தது. கதவு பாதி திறந்திருக்கும்போதே அவர் பித்தளைச் செம்பைத் தூக்கிவிட்டார். அது அவள் தோளில் பட்டு உருண்டது. இரண்டாவது தடவை அவர் அதை எடுக்கக் குனிந்தபோது, கதவிடுக்கில் தெரு தெரிந்தது. காலை ஏழரை மணி வெயில் தெரிந்தது. சுகிர்தா யோசிக்கவில்லை. வெளியே ஓடி, தெரு நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

தெரு திடுக்கிட்டுப் போயிற்று. பால்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். பள்ளிக்கூட ரிக்‌ஷா நின்றுவிட்டது. சீவலப்பேரி பஸ் போகிற சாலையை ஒட்டிய, மரியாதையான குடும்பங்கள் வாழ்கிற தெரு அது. தினமும் விடியற்காலையில் பூதலிங்கம் தேவாரம் பாடுவது பத்து வீட்டுக்குக் கேட்கும். அதற்குப் பெயர் பக்தி. சுகிர்தா அலறியது அதே பத்து வீட்டுக்குத்தான் கேட்டது. அதற்கு என்ன பெயர் என்று சட்டம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏரலில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். போன தடவை அங்கே போனபோது, அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தொந்தரவுக்கு மச்சானிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனவன் அவன். அதனால் இந்த முறை சுகிர்தா பஸ் ஏறவில்லை. செருப்பில்லாத காலோடு நேரே மகளிர் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் மும்தாஜ் பேகம் அவளை உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் வராத காலம் அது; பாவம், கையில் இருந்த சட்டம்தான் அவ்வளவு.

"என்னம்மா வேணும் ஒனக்கு?"

"ஒரு தாள் வேணும் மேடம். எங்க வீட்டுக்காரக என் பக்கத்துல வரப்படாதுன்னு கவர்மெண்டு எழுதுன தாள்."

"அப்படி ஒரு தாளே சட்டத்துல கெடையாதும்மா."

"பக்கத்து வீட்டு மாடு தோட்டத்துக்குள்ள வரப்படாதுன்னு எங்க எதுத்த வீட்டுல கோர்ட்டுல தாள் வாங்கியிருக்காகளே."

"அது மாடு," என்றார் மும்தாஜ் பேகம். "மாட்டுக்கு அவுக தோட்டத்துல உரிமை இல்ல. ஒன் வீட்டுக்காரருக்கு ஒன் வீட்டுல உரிமை இருக்கே."

சுகிர்தா வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது காது நாலு வருஷமாகக் கேட்பதில்லை. அது ஒரு ரேடியோ நாளில் போனது.

"கொடுமைப்படுத்துனாருன்னு கேஸ் போடலாம்," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "நானூத்தித் தொண்ணூத்தெட்டு ஏ. புடிச்சி உள்ள வைப்போம். நாலு நாள்ல ஜாமீன்ல வந்துருவாரு. வந்தா எங்கன வருவாரு? அதே வீட்டுக்குத்தான் வருவாரு. அன்னைக்கு நான் அங்கன இருக்க மாட்டேன். யோசிச்சிச் சொல்லு." பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார். "நீ சத்தம் போட்டது வீட்டுக்குள்ளயா, தெருவுலயா?"

"தெருவுல."

மும்தாஜ் பேகத்தின் முகம் தெளிந்தது. "அப்போ ஒரு வழி இருக்கு. பொது அமைதிக்குப் பங்கம். நூத்தி ஏழு. ஒரு வருசத்துக்கு அமைதியா நடந்துக்கிடுவோம்னு ஆர்டிஓ முன்னால ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கணும். ஆளுக்கு ரெண்டு ஜாமீன்தாரர் வேணும். மீறுனா ஜெயிலு."

"ரெண்டு பேருமா? நான் என்ன செஞ்சேன் மேடம்?"

"நீதான சத்தம் போட்ட."

சொல்லும்போது மும்தாஜ் பேகத்துக்கே கூச்சமாக இருந்தது. டீ ஆறுகிறது, குடி என்று பேச்சை மாற்றினார்.

ஒரு வாரத்தில் இரண்டு சம்மன்கள் வந்தன. பூதலிங்கம் ஏ பார்ட்டி. சுகிர்தா பி பார்ட்டி. வீட்டுக்குள் செம்பு பறந்ததைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. பால்காரர் சைக்கிளோடு விழுந்தது மட்டும் இரண்டிலும் இருந்தது.

வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கே திரும்பியிருந்த சுகிர்தாவை, விசாரணை தேதி வரும்வரை பூதலிங்கம் தொடவில்லை. கோபப்படக்கூட இல்லை. தச்சனைக் கூப்பிட்டுக் கதவை இழைத்துச் சரி செய்தார். பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள் போடச் சொன்னார், மேலே ஒன்று, கீழே ஒன்று. தச்சன் போனபிறகு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

"கேஸ் முடியட்டும் சுகிர்தா. அப்புறம் பையப் பேசிக்கிடலாம்."

கேஸ் முடிகிற நாளை நினைத்து அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஓடுவதற்கு இன்னொரு தடவை கதவு உதவாது.

இதற்கிடையில் தெரு ஜாமீன் விஷயத்தில் மும்முரமாக இருந்தது. பூதலிங்கம் கையெழுத்து என்றால் அந்தத் தெருவில் தனி மதிப்பு. அரசாங்கச் சம்பளக்காரர் என்பதால், பாதித் தெருவின் வங்கிக் கடனுக்கு அவர்தான் ஜாமீன் போட்டிருந்தார். கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. தங்கமான மனுஷர் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆகவே தனக்கு இரண்டு பேர் கிடைப்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

முதலில் மூன்றாம் வீட்டு நடராஜிடம் போனார். நடராஜ் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவர் ஓட்டுகிற ஸ்கூட்டரே பூதலிங்கத்தின் ஜாமீனில் வந்தது.

"அண்ணாச்சிக்கு இல்லாத கையெழுத்தா," என்று பேனாவை எடுத்தார் நடராஜ். தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். "ஒரு வருசமா அண்ணாச்சி?"

"ஒரு வருசம்தாம்வே."

"ஒரு மாசம்னா பரவால்ல." நடராஜ் பேனாவை மூடினார். "தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உங்க கை மேலதான் கொஞ்சம்... எங்க தொழில்ல இதுக்கு பாலிசியே கொடுக்க மாட்டாக."

எதிர் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. மூலை வீட்டுக்காரருக்கு அன்றைக்கு அஷ்டமி. கோயில் டிரஸ்டிக்குக் கையெழுத்து போடுகிற விரலில் நகச்சுற்று. இன்னொருவர் தாளைக் கையில் வாங்காமலே, "அண்ணாச்சி மாதிரி மனுசருக்கு ஜாமீன் கேக்கது அவுகளுக்கே கேவலம்லா," என்று வருத்தப்பட்டு உள்ளே போய்விட்டார். பதினெட்டு வீடு ஏறி இறங்கினார் பூதலிங்கம். அவர் தங்கம் என்று பதினெட்டு வீட்டிலும் சொன்னார்கள். எழுத்தில் தர ஆளில்லை.

விசாரணை நாளன்று ஒரு வேன் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்து பதினோரு பேர் ஆர்டிஓ என்கிற கோட்டாட்சியரின் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் பத்திரமாக மஞ்சள் பைகளில் இருந்தன. அவர்களைப் பார்த்ததும் பூதலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தமாதிரி வழக்குக்கு நீதிபதி கிடையாது, கோட்டாட்சியரே நீதிபதி. அவருக்கு அன்றைக்கு வெள்ளச் சேதத்தைப் பார்வையிடப் போகவேண்டிய அவசரம். எழுத்தர் நேசையா, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருப்பவர், தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"ஏ பார்ட்டி பூதலிங்கம். ஜாமீன்தாரர் யாரு?"

பதினோரு பேரும் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்லையா? சரி. பி பார்ட்டி சுகிர்தா. ஜாமீன்தாரர்?"

பதினோரு கை உயர்ந்தது. நகச்சுற்று விரலும் அதில் இருந்தது.

கோட்டாட்சியர் தலை நிமிர்ந்தார். "இந்தம்மாவுக்கா? இத்தனை பேரா?"

"ஆமாங்கய்யா," என்று எதிர் வீட்டு அன்னத்தாய் முன்னால் வந்தாள். தெருவுக்காகப் பேசுகிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. "இவளுக்கு எத்தனை ஜாமீன் வேணும்னாலும் போடுவோம். சத்தமே போட மாட்டா. ஒம்பது வருசமா எதுத்த வீட்டுல இருக்கேன். கதவு சாத்துவாக, ரேடியோ போடுவாக, செம்பு விழும், அம்மி நகரும், எல்லாம் கேக்கும். இவ சத்தம் மட்டும் கேக்காது. அவ்வளவு அடக்கம். அன்னைக்குக் கதவு சரியில்லாததுனால வந்த வினை. இப்போ புதுசா ரெண்டு தாழ்ப்பா போட்டாச்சி."

நேசையாவின் பேனா நின்றது. "இதைப் பதிவு பண்ணணுமா சார்? செம்பு, அம்மி எல்லாம்?"

"அது வீட்டுக்குள்ள நடந்தது. நம்ம விசாரணை தெருவைப் பத்தி," என்றார் கோட்டாட்சியர். "ஜாமீன்தாரருக்குத் திருப்தி என்று மட்டும் எழுதுங்க."

எனக்கு இந்த இடத்தில் எழுத்தரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க வேண்டும் போலிருக்கிறது. ஒன்பது வருஷக் கொடுமைக்கு இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? அந்தச் சாட்சி சுகிர்தாவுடைய வாய்க்கு ஜாமீன் போட வந்திருந்தது. தான் என்ன சொன்னோம் என்று அன்னத்தாய்க்கே தெரியாது. நல்லது செய்த திருப்தியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோட்டாட்சியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொன்னார். "சரி. சண்டையில் ஒருத்தர் அமைதியாக இருந்தால் போதும், தெரு அமைதியாக இருக்கும். பி பார்ட்டி கையெழுத்து போடட்டும். ஏ பார்ட்டி ஜாமீன் தேட ஒரு மாசம் தவணை. ரெண்டு பேரும் ஒற்றுமையா வீட்டுக்குப் போங்க."

பூதலிங்கம் பெருமூச்சு விட்டார். நேசையா தாளையும் பேனாவையும் நீட்டினார். நடராஜ் தன் பேனாவை மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"போடு சுகிர்தா," என்றார் பூதலிங்கம் அன்பாக. "போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

சுகிர்தாவுக்கு அந்த இரண்டு தாழ்ப்பாளும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன. அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் போட மாட்டேன் சார்."

"ஏம்மா? உனக்குத்தான் பதினோரு பேர் ஜாமீன் இருக்காங்களே."

"எனக்கு யாரும் ஜாமீன் போடாண்டாம். அவுக என்னை நம்பி ஏமாந்துருவாக." அவளுடைய குரல் உயரவே இல்லை. "நான் சத்தம் போடுவேன் சார். இனிமே ஒவ்வொரு தடவையும் போடுவேன்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்னத்தாய், "ஏட்டி, இப்படியா மானத்தை வாங்குவ," என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் சுகிர்தாவிடம் கோபப்பட்டது அப்போதுதான்.

கோட்டாட்சியருக்கு எரிச்சல். "விளங்கித்தான் பேசுறியா? ரெண்டு தரப்பும் பிணை தரலைன்னா தெரு அமைதிக்கு யார் உத்தரவாதம்? அவருக்குக் கொடுத்த தவணையையும் ரத்து பண்ணிட்டு ரெண்டு பேரையும் சிறைக்கு அனுப்ப வேண்டி வரும். ஜாமீன் தருகிற வரைக்கும், இல்லைன்னா ஒரு வருஷம்."

"ரெண்டு பேரும் ஒரே ஜெயிலா சார்?"

யாரும் எதிர்பாராத கேள்வி. கோட்டாட்சியர் நேசையாவைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார் நேசையா. "பொம்பளையளுக்குத் தனி. அவுக அங்கன வர முடியாது. பாக்கணும்னு மனு போட்டாலும், நீ சரின்னு சொன்னாத்தான் விடுவாக."

"எழுதுன தாள் உண்டா, அப்படி?"

"வாரண்டு எழுதுவோம்லா. ஒனக்கு ஒண்ணு, அவுகளுக்கு ஒண்ணு."

சுகிர்தா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெயில் என்ற சொல் அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. எந்தப் பெண்ணுக்குத்தான் பயமாக இராது? ஆனால் சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்புகிற பயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது சின்னது.

"அப்போ எழுதுங்க சார்," என்றாள்.

"இது என்ன அநியாயம்," என்றார் பூதலிங்கம். "நான் வாத்தியாருங்க. என்னை எதுக்கு உள்ள போடுதிய? யோவ் நடராஜ், ஒரு கையெழுத்துதானவே." நடராஜ் பேனாவைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். மற்றவர்கள் வேனில் போய் உட்கார்ந்தால் தேவலை என்ற முகத்தோடு வாசலைப் பார்த்தார்கள். கோட்டாட்சியர், வேறு வழியில்லாமல், தலையை அசைத்தார்.

நேசையா இரண்டு வாரண்டுகளையும் கார்பன் வைத்து எழுதினார். முத்திரை குத்தி ஊதிக் காயவைத்தார். சுகிர்தா எட்டிப் பார்த்தாள்.

"அவுக வாரண்டுல எனக்கு ஒரு நகல் கெடைக்குமா அய்யா?"

முப்பத்தாறு வருஷ சர்வீசில் நேசையாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நகல் மனுப் படிவத்தை எடுத்தார். தன் பர்ஸிலிருந்தே ஒரு கோர்ட்டுக் கட்டண வில்லையை எடுத்து ஒட்டி, பேனாவோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

"எல்லா எடத்தையும் நெரப்பணும் தாயி. நகல் எதுக்குன்னு காரணமும் எழுதணும்."

சுகிர்தா உட்கார்ந்து, பெயர், விலாசம், வழக்கு எண் எல்லாம் எழுதினாள். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தி, பிறகு தெளிவான கையெழுத்தில் நிரப்பினாள்.

'பக்கத்தில் வந்தால் காட்டுவதற்கு.'