திறவாப் பெட்டி

உச்சி வெயில் கூரைத் தகடுகளைக் காய்ச்சியெடுக்க, சரக்குந்துகள் புழுதி கிளப்பி ஊர்ந்து செல்ல, சாளரம் என்பதே அறியாத நெடுஞ்சுவர்களோடு, தின்றது எதுவெனச் சொல்லாத பெருவயிறு போல் நகரின் விளிம்பில் கிடந்தது ஒரு கிடங்கு. அதனுள் அடுக்கியிருந்தவை நெல்லோ உப்போ என எண்ணற்க, நயம் அறிந்த அன்பரே, அத்தனையும் ஓவியங்கள், பார்ப்பதற்கன்றி விலையேறும் நாளுக்கெனப் பெட்டியிலிட்டு முத்திரை வைத்தவை.

அதன் வாயிலில், வண்ணம் குழைத்தே தலைநரைத்த ஓவியக்காரி ஒருத்தி நின்றாள். ஒன்பதாண்டுகளுக்கு முன், ஈரக்கூந்தலை விரித்துலர்த்தும் தன் தங்கையை அவள் தீட்டியிருந்தாள். "எங்க கூடத்துல மாட்டி வைக்கிறேன் அக்கா, தினமும் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்று உருகிய வணிகரின் சொல்லை நம்பி, அவர் கேட்ட விலைக்கே கொடுத்தாள். மூன்றாம் ஆண்டில் தங்கை மாண்டாள். ஒருமுறை கண்ணாரக் காண வேண்டுமென்று அவள் விடுத்த மடலுக்கெல்லாம் சாக்கும் போக்குமே மறுமொழியாய் வந்தன. இன்று அவரே அழைத்திருந்தார். ஓவியம் விலைபோகிறது, அது அவள் கைவண்ணமே என்னும் சான்றில் ஒப்பம் வேண்டும்.

"கூடத்துலேருந்து எப்ப எடுத்தீங்க?"

"கூடமா? வாங்குன நாள்லேருந்து இங்கதான் இருக்கு. நாலு கை மாறி எங்கிட்டயே திரும்பிடுச்சு, பெட்டி இருந்த இடத்த விட்டு அசையல" என்று பெருமையோடு நகைத்தார் வணிகர்.

அடிவயிற்றில் மூண்ட சினம், காய்ந்த சருகில் பற்றிய நெருப்பென நெஞ்சேறி அவள் கண்களைச் சிவப்பித்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"பாக்காம எப்படிங்க கையெழுத்துப் போடுறது? தெறங்க."

"முத்திரை உடைஞ்சா மதிப்பு குறைஞ்சிடும்."

"கையெழுத்து இல்லன்னா மதிப்பே இல்லையே."

விழிபிதுங்கிய வணிகர் தலையசைக்க, இருபதாண்டுகள் பெட்டிகளைக் காத்தும் ஓர் ஓவியத்தையேனும் கண்டறியாத காவலர், ஆணிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பலகையை விலக்கினார். கூரையின் கசிவு எந்த மழையில் புகுந்ததோ, சாம்பல் நிறப் பூஞ்சை ஓவியத் துணியெங்கும் படர்ந்திருந்தது. கூந்தல் இருந்தது, கூந்தலுக்குரிய முகம் இல்லை.

காவலர் தலைகுனிந்தார். வணிகரோ வியர்வையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"மூடிடலாம். வாங்குறவரும் தெறந்து பாக்கப் போறதில்ல. கையெழுத்த மட்டும் போடுங்க அக்கா."

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

சான்றிதழை வாங்கிப் பெட்டியின்மேல் விரித்து, தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள்: 'இது நான் தீட்டியதே. ஒன்பதாண்டுகளாய் யாரும் பார்க்காததால் முகம் அழிந்துவிட்டது.' கீழே ஒப்பமிட்டாள். வணிகர் பறிக்கக் கைநீட்டுமுன், காவலர் அதை வாங்கிச் சான்றாளராய்த் தம் பெயரையும் பொறித்து, கிடங்கின் பதிவேட்டில் சேர்த்தார்.

பதிவேட்டில் அதைக் கண்டு வாங்க வந்தவர் பின்வாங்க, விற்பனை அன்றே முறிந்தது. அவள் சினமோ அன்றும் ஆறவில்லை, அதன் பின்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், அன்பரே. பூஞ்சைக்கேனும் அவ்வோவியத்தின்மேல் ஒரு பசி இருந்தது. அதை உடைமை கொண்ட நால்வருக்கு அதுவும் இருந்ததில்லை.