முறை வைத்துத் தோற்றவர்கள்

எங்கள் துணிக் கம்பெனி இஸ்திரிப் பிரிவில் சூப்பர்வைசர் சாக்பீஸை எடுத்துப் போர்டில் என் மேஜை எண்ணை எழுதினார். அன்றைக்குச் சட்டை தேய்த்ததில் நான் கடைசி. அடுத்தடுத்து இரண்டு நாள் கடைசியாக வந்தால் வேலை கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். எங்களை ஒருத்தியோடு ஒருத்தி முட்டவிட்டால் வேலை ஓடும் என்று கணக்கு. எனக்குத் தோள் போனதிலிருந்து இஸ்திரிப்பெட்டி பாறாங்கல்லாய்க் கனத்தது. புருஷன் படுக்கையில். இந்த வேலையும் போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

வழி சொன்னவள் ரயில் அக்கா. கைவேகத்துக்காக நாங்கள் வைத்த பெயர் அது. சட்டம் வந்த அன்றைக்கே, கழிவறை வரிசையில் நின்றபடி, "கடைசின்னு ஒருத்தி இருக்கத்தான் போறா. அது ஏன் தெனமும் ஒருத்தியாவே இருக்கணும்?" என்றாள். அன்றிலிருந்து முறை வைத்துத் தோற்றோம். லேசான காரியமில்லை. என்னைவிட மெதுவாகத் தேய்க்க வேண்டுமே. உழைத்துப் பழகிய கை சும்மா இருக்கக் கூசும். ஆனாலும் ஒருத்தியும் முறை தப்பவில்லை.

மறுநாள் ரயில் அக்காவின் முறை. காலையிலேயே சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். லைன் லீடர் இடம் காலியாம், இன்றைக்கு முதலில் வந்தால் அவளுக்குத்தானாம். அவளே வந்து சொன்னாள். பெட்டியை எடுத்தாள். ஆவி பறந்தது. மதியத்துக்குள் அவள் மேஜையில் சட்டைகள் சுவராக எழும்பிவிட்டன. பக்கத்து மேஜைக் கிழவி, "இந்த ரயிலு ஸ்டேஷன் வந்தாலும் நிக்காது போலடி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் தோற்காவிட்டால் இன்றைக்கும் நான்தான் கடைசி. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. அவளுக்கும் வீடு இருக்கிறதே.

டீ குடித்து வந்ததும், தேய்த்து அடுக்கிய சட்டை ஒன்றை உருவினாள். உதறினாள். தண்ணீர் தெளித்து, தேய்க்காத குவியலில் போட்டாள். பிறகு இன்னொன்று.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றே?"

"காலர்ல மடிப்பு, சார்."

அவர் நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டேன், காலையிலிருந்தே நிதானமாகத் தேய்த்திருக்கலாமே என்று.

"முடியாம தோத்தேன்னு நெனச்சிடுவான்ல" என்றாள்.

மணி அடித்தது. சூப்பர்வைசர் என் எண்ணை அழித்துவிட்டு, சாக்பீஸைத் தூக்கியபடி போர்டு முன்னால் நின்றார். ரயில் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே சட்டையின் காலரை, தூங்குகிற பிள்ளையைத் தடவுவதுபோல, மறுபடியும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.