ஆலைடா அடைத்த பின்வாசல்

ஆலைடா தன் வீட்டுப் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்த பதினெட்டாம் வருடம், ஈஸ்டர் திங்கட்கிழமை மாலை, ஊட்மார்சம் ஊரில் பாதிப் பேர் அந்தச் சுவர் வழியாக ஹங்கேரிக்குப் போனார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது; ஜெர்மன் எல்லையை ஒட்டிய அந்த டச்சு ஊரில் ஈஸ்டருக்குத் தூறாமல் இருந்தால்தான் செய்தி. யார் கையிலும் பாஸ்போர்ட் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்துக் காட்டியிருக்க முடியாது, ஏனென்றால் எல்லாருடைய கைகளும் பக்கத்து ஆட்களின் கைகளுக்குள் இருந்தன.

ஊர் வழக்கம் அப்படி. கல்யாணமாகாத எட்டு ஆண்கள் வெளிர்நிற மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்னால் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே சங்கிலிபோலக் கைகோத்து, ஈஸ்டர் பாட்டைப் பாடியபடி, தெருத்தெருவாக வளைந்து போகும். எந்த வீட்டு முன்வாசல் திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைந்து, கூடத்தையும் சமையலறையையும் கடந்து, பின்வாசல் வழியாக வெளியேறும். சேறு படிந்த தரையைப் பற்றி அன்று எந்த வீட்டுக்காரியும் முகம் சுளிக்க மாட்டாள். திரும்பி நடக்கக் கூடாது, கையை விடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எதற்கென்று தெரியாத ஒன்றை இத்தனை தலைமுறையாகப் பிசகாமல் செய்துவருகிற ஜனங்களை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சட்டத்தை மீறியவள் ஆலைடாவின் தங்கை ஃபென்னா. மாதாகோவிலின் ஆர்கன் வாத்தியத்தைப் பழுதுபார்க்க வந்திருந்த லோரின்ஸ் என்ற ஹங்கேரிக்காரர் சங்கிலியை வேடிக்கை பார்த்துக்கொண்டு தெருமூலையில் நின்றார். ஃபென்னா அவரைப் பார்த்தாள், அக்காவின் கையை விட்டாள், அவரோடு போய்விட்டாள். சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. பின்பாதிக்கு அப்போது ஆலைடாதான் தலை. தங்கை போன திசையையே பார்த்தபடி அவள் நடக்க, பாட்டை நிறுத்தாத ஊர்ஜனம் அவள் பின்னாலேயே போக, எல்லாருமாக ஒரு பன்றிப்பண்ணைக்குள் போய் நின்றார்கள். அதன்பிறகு ஆலைடா கறி வாங்கப் போனால், "இன்னிக்கு எந்தப் பண்ணைக்கு ஊர்வலம்?" என்று கசாப்புக்காரர் கேட்காத நாளில்லை. தங்கையின் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. சங்கிலி இனித் தன் வீட்டுக்குள் வரவே கூடாதென்று பின்வாசலை அடைத்தாள். ஈஸ்டருக்கு முன்கதவைப் பூட்டிவிட்டு, வெங்காயத் தோலில் முட்டைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வருடமும் ஒருத்திக்கு வேண்டியதைவிட ஒரு மடங்கு அதிக முட்டை வேகும்.

பதினெட்டாம் வருடம் முன்கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தாள். தூறலில் அது காயவில்லை. சாத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று திறந்து வைத்திருந்தாள். எட்டுப் பேரில் முதல் ஆளான லுட்கர் அந்த வருடம்தான் முன்னால் நடக்கத் தொடங்கியவன். திறந்த கதவைக் கண்டான், நுழைந்தான். அடுப்படியில் நின்ற ஆலைடா வாயைத் திறப்பதற்குள் சுவரை அடைந்துவிட்டான். திரும்ப முடியாது, நிற்கவும் முடியாது. ஆகவே நடந்தான். சுவர் அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. அவனுக்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக்கடைக்காரி, குழந்தைகுட்டிக்காரர்கள் எல்லாரும் பாடிக்கொண்டே போனார்கள். கடைசியில் வந்தவர் தபால்காரர் தோன்.

"ஆலைடாக்கா, கையக் குடுங்க. கடைசி ஆளு கை சும்மா தொங்கப்படாது."

"கண்ணு தெரியலையா தோன்? முன்னால இருக்கிறது சுவரு."

"இருக்கட்டுமே. இதுவரைக்கும் யாராவது மூக்க உடைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாங்களா?"

பேசிக்கொண்டே அவள் கையைப் பிடித்துவிட்டார். ஒரு கையை உதறினால் என்ன ஆகும் என்பது ஊரில் அவளைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. அதனால் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில். ஒரு வீட்டு முற்றம், கிணறு, சரம் சரமாகக் காய்ந்த மிளகாய். அங்கே ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் பெண்களின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் பெண் வாடாமல் இருப்பாளாம். ஊற்றியவருக்குச் சாயமிட்ட முட்டை கிடைக்கும். இவ்வளவு பெண்கள் வரிசையாக வந்ததை அந்தக் கிராமத்து ஆண்கள் கடவுள் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு வாளிகளோடு ஓடிவந்தார்கள். ஊட்மார்சம் பெண்கள் சொட்டச் சொட்ட நனைந்தும் பாட்டை நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் முட்டைக் கூடையோடு நரைத்த தலையுடன் நின்றவள் ஃபென்னா. வந்திருப்பது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது; கூடையை வைத்துவிட்டு ஓடி, முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்தாள். ஊரை விட்டுப் போனாலும் ஊர்ப்புத்தி போகுமா?

சங்கிலி அவள் வீட்டுக்குள் நுழைந்து குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஆலைடா வந்தபோது லோரின்ஸ், யாரென்று தெரியாமலேயே, ஒரு முழு வாளியை அவள் தலையில் கவிழ்த்தார். அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் நின்றார்கள். தோன் உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். தாண்டிப் போய்விட்டால் போனதுதான்.

"என்னடி, பாத்துக்கிட்டே நிக்கிற?"

"என் கையப் பிடிப்பியாக்கா?"

"விடமாட்டேன்னா பிடிக்கிறேன்."

"நீ இறுக்கின இறுக்குல அன்னிக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு. வலிக்குதுன்னு சொன்னேன். நீ பாடிக்கிட்டே இருந்த."

பதினெட்டு வருடமாகத் தங்கைக்கென்று ஆலைடா சேர்த்து வைத்திருந்த ஏச்சுக்கு அளவில்லை. அதில் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. சும்மா இருந்த கையை, கூட்டிலிருந்து முட்டை எடுப்பதுபோல் மெல்ல நீட்டினாள். ஃபென்னா பிடித்துக்கொண்டாள். ஆலைடா அழுதாள், நனைந்த முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றும் வழக்கத்தில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

ஃபென்னாவின் பின்கதவு பிரான்சில் ஒரு சந்தைத் திடலில் திறந்தது. அங்கே ஊர்கூடி, வண்டிச்சக்கரத்தைவிடப் பெரிய வாணலியில் ஈஸ்டர் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளின் கைகள் காலியில்லை என்பதைக் கண்ட பிரெஞ்சுக்காரிகள், எதுவும் கேட்காமல், கரண்டியால் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி அனுப்பினார்கள். எவ்வளவு நல்ல மனுஷர்கள். அங்கிருந்த ரொட்டிக்கடை வழியாக நுழைந்தவர்கள் சொந்த ஊர்ச் சதுக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வழக்கம்போலக் குழந்தைகளை மூன்று முறை தலைக்கு மேல் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். கடைசி ஆளாக நின்ற ஃபென்னாவைக் கசாப்புக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். அதோடு அவர் கேலி நின்றது.

சில நாள் கழித்து ஃபென்னா புறப்பட்டாள். லோரின்ஸ் அங்கே தனியாக மாடு கறந்துகொண்டிருந்தார். சுவரிடம் போனவள் நெற்றியை இடித்துக்கொண்டாள். தனி ஆளுக்கு அது வெறும் சுவர்தான். எனவே ஆலைடா கைகோத்துப் பாடிக்கொண்டு கூடப் போய், தங்கையை வீட்டில் சேர்த்து, காபி குடித்தாள். திரும்புவதற்கு எழுந்தபோதுதான் தன்னாலும் தனியாகப் போக முடியாது என்று உறைத்தது. ரயில் என்று ஒன்று இருக்கிறதே என்றார் லோரின்ஸ். இரண்டு பேரும் அவரைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார்கள். ஃபென்னா அக்காவைக் கொண்டுபோய் விட்டாள். வந்தவளைத் தனியே அனுப்ப முடியாதே என்று ஆலைடா மறுபடி கூடப் போனாள். அதற்குப்பின் எத்தனையோ ஈஸ்டர்கள் வந்து போய்விட்டன. நேற்று மாலை ஆலைடாவின் வீட்டில் விளக்கு எரிந்தது, உள்ளே இரண்டு பேர் பேசும் சத்தம் கேட்டது. இந்தமுறை யார் யாரைக் கொண்டுவிட வந்தது என்று தோன் கேட்டார். அவர்களுக்கே நினைவில்லை.