தங்கையின் சங்கிலியும் என் முன்பணமும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே தையல்கார அக்கா சொன்னது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றும் சொன்னார். பலமாகத் தலையாட்டினேன். கழுத்தளவு தப்பிப்போய்த் திட்டு வாங்கினேன்.

2

முதல் வரி: 'பொருளாதாரத்தின் அடித்தளமே நம்பிக்கை என்பதை…'

(வேண்டாம். எனக்குப் பொருளாதாரமும் தெரியாது, என்மேல் யாருக்கும் நம்பிக்கையும் கிடையாது.)

நேராகவே சொல்கிறேன். அக்கா ஒரு சங்கிலியை அடகு வைத்துத் தையல் மிஷின் வாங்கினார். பத்து மாதத்தில் முதலும் வட்டியும் கட்டிவிட்டுச் சீட்டை நீட்டினார். அடகுக் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா."

"எதுக்குண்ணே? பணம்தான் முழுசா கட்டிட்டேனே."

"நகை இங்க இல்லம்மா. பேங்க்ல இருக்கு."

நாற்பது பேர் நகையை ஒரே பையில் போட்டு, தன் கடனுக்காக மறு அடகு வைத்திருந்தார்.* அந்தக் கடன் முழுதும் தீர்ந்தால்தான் பை வெளியே வரும். வாங்கிய பணமோ வேறெங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

(*பெரிய நிதி நிறுவனங்களிலும் இதே கூத்துதானாம். என்ன, அங்கே பை கண்ணுக்குத் தெரியாது.)

3

கடைக்காரரை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவர் குரூரமாகச் சிரித்த…' ம்ஹூம். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். அக்கா அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சரி, அக்காவையாவது அப்பாவியாக்கலாம் என்றால்:

"அது என் சங்கிலியே இல்ல சார். தங்கச்சியோடது. பத்திரமா வச்சிருன்னு குடுத்துட்டு வெளியூர் போனா. ஞாயித்துக்கிழமை வர்றா."

கேட்டு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. கையோடு கையாகப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டு, இந்தக் கதைக்கு முன்பணம் வாங்கினேன்.

4

முடிவு ஒன்று: ஞாயிறுக்குள் பை மீண்டுவிடுகிறது. (நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: கடைக்காரர் அதே எடையில் இன்னொருத்தர் சங்கிலியைக் கொடுக்கிறார், அக்கா வாங்கிக்கொண்டு…

(எழுதவே அசிங்கமாக இருந்தது.)

5

இன்று காலை அக்கா போன் செய்தார்.

"எழுதிடலையே சார்? தங்கச்சி நீங்க எழுதற பத்திரிகைய ஒரு வரி விடாம படிப்பா. நானே சொல்லிடறேன். என் வாயால கேட்டா மன்னிச்சிடுவா. வேற எப்படித் தெரிஞ்சாலும் அவ்வளவுதான்."

"சேச்சே" என்றேன்.

ஆசிரியரிடம் நிறுத்தச் சொல்ல மதியம்வரை நேரம் இருக்கிறது. முன்பணம் வாடகைக்குப் போய்விட்டது. ஆனாலும் கூப்பிடத்தான் போகிறேன்.

கூப்பிட்டிருந்தால் இது அச்சாகியிருக்காது.

படிப்பது நீயாக இருந்தால், தங்கச்சி, பத்திரிகையை மூடி வைத்துவிடு. அக்கா வந்து சொல்லும்போது, முதல் தடவை கேட்பதுபோலக் கேள்.