தேதிக்கு விட்ட இடம்

அறுபத்திரண்டு சதவீதத்தில் மறுபடியும் நின்றது. லமீஸ் மடிக்கணினியின் தட்டைத் திறந்து குறுந்தகட்டை எடுத்தாள். கறுப்பு உடுப்பின் ஓரத்தில் துடைத்து, திரும்ப உள்ளே தள்ளினாள். இது நான்காவது முறை. அடுத்த அறையில் அவளுடைய வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தாலும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

பத்து மணிக்குக் கரண்ட் வந்திருந்தது, பதினொன்றுக்குப் போய்விடும். அலெப்போவில் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் சலவையும் சமையலும். ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்குள் மரண அறிவிப்பு பள்ளிவாசல் கதவிலும் தெருமுனைச் சுவர்களிலும் ஏறியாக வேண்டும். சுவரில் தாள் இல்லாவிட்டால் தூக்குவதற்கு நாலு பேர் வருவதே பெரிய காரியம். வெள்ளிக்கிழமை பார்த்து எந்த அச்சுக்கடையும் திறக்கவில்லை.

வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது, வாப்பா ரிஃபஅத் வாங்கியது. சர்க்கரை நோய் தின்ற காலை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போய், ஆள் வைத்துத் தூக்கி வந்தார். நாற்பது நாள் ஆயிற்று.

"எதுக்கு வாப்பா இது?" என்று அன்றைக்கு லமீஸ் கேட்டாள்.

"ஒரு வேலை இருக்கு."

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "நானும் அனுப்பிக்கிட்டே இருக்கேன், அது வாயத் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாரும்மா."

"நாளைக்குப் பாக்குறேன்."

நாளை, நாளை என்று நாள்தான் போயிற்று. ஆறு வருஷமாக ஊசி போட்டாள், புண்ணைக் கழுவினாள், மாத்திரை அட்டவணையைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினாள். "உன் எழுத்துக்கு ஒரு வயக்காடே வேணும்" என்று ஓய்வுபெற்ற நில அளவையாளரான வாப்பா கேலி செய்வார். அத்தனையும் செய்தவளுக்கு இந்த ஒன்றைப் பார்க்க நேரம் வரவில்லை.

நஸ்மி சாச்சா ஈரக் கையோடு வந்து நின்றார். ரிஃபஅத்தின் தம்பி.

"என்னம்மா, வந்துச்சா?"

"தகடுல கீறல் சாச்சா. பிரிண்டரைக் காணோங்குது, புதுசா சாப்ட்வேர் போடுங்குது. போட்டா பாதியில நிக்குது."

"அவசரத்துக்கு அண்டாவுக்குள்ள கூட கை போகாது. நிதானமாப் பாரு." குனிந்து திரையில் இருந்த அறிவிப்பைப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "கினான், சுஹைல், லமீஸ். இது என்ன?"

"என் பேரு."

"அது தெரியுது. பொம்பளப் புள்ள பேர யாரு சுவத்துல ஒட்டுறா? உனக்குன்னு ஒரு மாப்பிள்ளை இருந்தா, மருமகன்னு அவன் பேரப் போடலாம்."

ஊர் வழக்கம் அதுதான். நாற்பத்தோரு வயதில் கல்யாணமாகாதவளுக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது. ஜெர்மனிக்குப் போய்ப் பதினோரு வருஷமாகத் திரும்பாத சகோதரன் கினானுக்கு உண்டு, பெருநாளைக்கு மட்டும் வளைகுடாவிலிருந்து போன் போடுகிற இன்னொரு சகோதரன் சுஹைலுக்கு உண்டு.

"ஆறு வருஷமா அவரைப் பாத்தது யாரு சாச்சா?"

"நீதான். ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சத எழுதினா என்ன?"

"தெரிஞ்சத எதுக்கும்மா எழுதணும்?"

"வாப்பா இருந்தா என் பேரப் போடச் சொல்லியிருப்பாரு."

உள்ளே யாரோ கற்பூரம் எங்கே என்று கேட்டார்கள். சாச்சா எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

லமீஸ் பெயரை அழிக்கவில்லை. கடிகாரத்தில் பத்தே முக்கால். கேபிளை அசைத்துப் பார்க்கலாமென்று கணினியைத் திருப்பினாள். இடதுபக்கத் துளைக்கு மேலே ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதில் வாப்பாவின் நுணுக்கமான எழுத்தில் 'பிரிண்டர்' என்று எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தது. அந்தத் துளையில் அவளுடைய போன் சார்ஜர் செருகியிருந்தது. பிரிண்டரின் கேபிள் வலதுபக்கத் துளையில் இருந்தது.

கரண்ட் இல்லாத ஒருநாள் போனுக்குச் சார்ஜ் ஏற்ற அவள்தான் மாற்றிச் செருகினாள். துளை மாறியதும் கணினி அதை வேறொரு பிரிண்டர் என்று எண்ணிக்கொண்டு தகட்டைக் கேட்டிருக்கிறது. வாப்பா எல்லாவற்றையும் சரியாகத்தான் பூட்டி வைத்திருந்தார். பாவி, நானே கெடுத்திருக்கிறேன் என்று முனகினாள்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை இடதுபக்கம் செருகினாள். பிரிண்டர் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவள் இன்னும் எதையும் அனுப்பவே இல்லை. ஆனாலும் தாள் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வாப்பா நாள்தோறும் அனுப்பி, வரிசையில் காத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. பதினான்கோடு நின்றது.

பதினான்கும் ஒரே தாள்தான். கறுப்புக் கட்டம், மேலே இறைவசனம், நடுவில் அவருடைய பெயர். தம் மரண அறிவிப்பைத் தாமே எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள்: கினான், சுஹைல். சகோதரர்: நஸ்மி. அதற்குக் கீழே கிழமைக்கும் தேதிக்கும் தொழுகை நேரத்துக்கும் கோடு இழுத்து அகல அகலமாக வெற்றிடம் விட்டிருந்தார்.

லமீஸ் இரண்டு தடவை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

சாச்சா பசைக் கிண்ணத்தோடு வந்தார். ஒரு தாளை எடுத்துப் படித்தார். தம் பெயர் வந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"நீ எழுதினதையும் பிரிண்ட் போட்டுக்கோம்மா," என்றார் மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்லல. அதையும் சேர்த்தே ஒட்டுறேன்."

கரண்ட் போக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"வேணாம் சாச்சா. பேனா இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தாள்களைத் தரையில் பரப்பிவிட்டுக் குந்தினாள். கிழமை, தேதி, ஜும்மாவுக்குப் பின். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் தன் வழக்கமான பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனாள். பதினான்காவது தாளை முடித்தபோதும் ஓர் எழுத்துகூட வாப்பா இழுத்திருந்த கோட்டைத் தாண்டவில்லை.