ஆறாவது புள்ளி

ஹாஸிம் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான், முகம் மழித்தான். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான். முந்தின நாள் ரொட்டியை அடுப்பில் வாட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, நின்றபடியே தின்றான். சட்டை கசங்கியிருந்தது. மேலே ஸ்வெட்டர் போட்டால் தெரியாது. ஆறே முக்காலுக்குக் கதவைப் பூட்டினான். இரவெல்லாம் அடித்த புயலில் கடற்கரைச் சாலை நனைந்து கிடந்தது. டிராமில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தான்.

மனைவி ராவியா இறந்து நாற்பதாம் நாள் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. மூளைக்காய்ச்சல். ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். அவளுடைய முதுநிலை ஆய்வு பாதியில் நின்றிருந்தது. மாத முடிவுக்குள் யாராவது முடித்துக் கொடுத்தால் அவள் பெயரிலேயே பட்டம் தருவதாகத் துறை சொல்லியிருந்தது. யாராவது என்றால் ஹாஸிம்தான்.

வேலை சிக்கலானதல்ல. பியூட்டனால் என்ற ஆல்கஹாலைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்து, செல் என்னும் சின்னக் குப்பியில் நிரப்பி, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பேனா தாளில் வரைவதைப் பார்க்க வேண்டும். ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் வலப்பக்கம் அகலமான மேடு எழும். பிடிப்பில்லாமல் தனியே திரிந்தால் இடப்பக்கம் ஊசி போல ஒரு முனை. கரைசலின் அடர்த்தி கூடக்கூட ஊசி குறையும், மேடு பெரிதாகும். ஒன்பது கரைசல்கள், மெலிந்ததில் தொடங்கி அடர்ந்ததில் முடிக்க வேண்டும். ராவியா ஆறு முடித்திருந்தாள். மிச்சம் மூன்றை அவன் முடித்துவிட்டான்.

ஒன்பது புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்தால் எட்டு ஒரே வளைவில் வந்தன. ஆறாவது மட்டும் துருத்திக்கொண்டு மேலே நின்றது. இருக்கவேண்டியதைவிடத் தனி மூலக்கூறுகள் அதிகம். அதே கரைசலை அவன் புதிதாகக் கலக்கி மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் வளைவிலேயே வந்தது.

பேராசிரியர் ஃபிக்ரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"அதத் தூக்கிட்டு உன்னோடத வை தம்பி. வெளியூர்லேருந்து தேர்வாளர் வர்றார். இந்த ஒரு புள்ளியப் பிடிச்சிக்கிட்டு மொத்தத்தையும் கிளறுவார்."

"அது அவ கடைசியா அளந்தது, சார்."

"தெரியும்பா. அதனால அது சரியாகிடுமா?"

ஹாஸிம் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். தூக்கினால் பட்டம் கிடைக்கும். அவள் கடைசியாகச் செய்த வேலை குப்பைக்குப் போகும். வைத்தால் பட்டம் போகலாம். எப்படியும் காரணம் தெரியாமல் தூக்க அவனுக்குக் கை வரவில்லை.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஸுஹைர் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஊசி முனையைத் தனிக்கட்டை என்றும் மேட்டைக் குடும்பம் என்றும் பேர் வைத்தவள் அவள்தான். மாணவர்கள்கூட அப்படியே சொல்வார்கள். இப்போது நாற்பது நாளாக இடப்பக்கம், வலப்பக்கம் என்றுதான் சொல்கிறாள்.

"இன்னும் அந்த ஆறுலயே நிக்கிறீங்களா? கட்டின பொண்டாட்டியே தப்பா அளந்திருப்பான்னு ஒத்துக்க மனசு வரல, அதானே?"

"அவ தப்பா அளக்க மாட்டா."

"உயிரோட இருந்தப்ப இதச் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. பாதி நேரம் அவ கணக்கத் திருத்திக்கிட்டுதானே இருந்தீங்க."

அவன் தாளில் ராவியாவின் எழுத்தைக் காட்டினான். செவ்வாய், மதியம் இரண்டு. "நீங்க அப்ப இங்கதானே இருந்தீங்க. என்ன செஞ்சா?"

"என்ன செய்வா, எப்பவும் போலதான். அன்னைக்கும் இப்படித்தான் புயல். கண்ணாடி பனிச்சிடும்னு செல்லக் கைக்குள்ள பொத்தி வச்சிருந்தா."

அது அங்கே எல்லோரும் செய்வதுதான். செல்லின் இரு பக்கமும் உப்புக் கண்ணாடி. ஈரம் பட்டால் மங்கிப்போகும். கடல் காற்று அடிக்கும் நாளில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கருவிக்குள் வைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு அளப்பார்கள்.

"ஆறவிட்டாளா?"

ஸுஹைர் யோசித்தாள். "இல்ல. உடனே ஓட்டிட்டா. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், தலை வலிக்குதுன்னா. செல்ல நான்தான் வாங்கி உள்ள வச்சேன். அடுப்புலேருந்து எடுத்த மாதிரி இருந்துச்சு. இதச் சூடாக்க உன் புருஷன் உனக்கு ஒரு வெந்நீர்ப் பை வாங்கித் தர மாட்டானான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"சிரிச்சா."

ஸுஹைர் போனபின் ஹாஸிம் செல்லை நிரப்பித் தன் கையில் பத்து நிமிடம் பொத்தி வைத்து, ஆறவிடாமல் அளந்தான். சூடு பட்டால் மூலக்கூறுகளின் பிடி தளரும். ஊசி கொஞ்சம் உயர்ந்தது. ராவியாவின் உயரத்துக்குப் பாதிதான் வந்தது. அவன் கை போதவில்லை.

உலர்த்தும் பெட்டியை முப்பத்தைந்து பாகை செல்சியஸில் வைத்து அதில் சூடேற்றி அளந்தான். போதவில்லை. முப்பத்தெட்டில் வைத்தான். பேனா மேலே போய், அவள் தாளில் நின்ற அதே இடத்தில் நின்று, இறங்கியது. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு கோடு தெரியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று அவனிடம்தான் கேட்டார். வியாழன் காலை என்றான். நிச்சயமாகவா என்றார். நிச்சயமாக என்றான். செவ்வாய் மதியமே அவள் கை கொதித்திருக்கிறது. அன்று இரவு அவள் சாப்பிடாமல் படுத்தாள். அவன் மாணவர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பெட்டியை அணைத்தான். செல்லைக் கழுவி உலர்த்தி வைத்தான்.

மறுநாள் பேராசிரியர் அட்டவணையைப் படித்தார். ஆறாவது வரிசையில் ஹாஸிமின் எண் இருந்தது. அதன் கீழேயே ராவியாவின் எண்ணும் இருந்தது. பக்கத்தில் 'செல்லின் வெப்பநிலை 38 பாகை' என்று எழுதியிருந்தான்.

"அவ வெப்பநிலையக் குறிக்கவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்தேன், சார். தேர்வாளர் கேட்டா நானே வந்து செஞ்சு காட்டுறேன்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "சரி, இருக்கட்டும். ஆய்வேட்டோட முதல் பக்கத்துக்கு ஒரு வரி வேணும். அவ அம்மா கேக்குறாங்க. பொண்ணு கடைசியில கலிமா சொல்லிட்டுத்தான் போனா, அதப் போடுங்கன்னு சொல்றாங்க."

"அவங்க அப்ப அங்க இல்ல."

"நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"என்னதான் சொன்னா?"

வெள்ளிக்கிழமை மாலை அது. யாரோ பார்க்க வந்து மேசையில் கமலாப்பழங்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் ஒன்றை உரித்துச் சுளையை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிறன்று இறக்கும் வரை அவள் கண் விழிக்கவில்லை.

"முதல் பக்கத்துல போட முடியாது, சார்."

"பரவால்ல, சொல்லு."

"'எனக்கு வேணாம், புளிக்குது. நீ சாப்பிட்டுரு.'"