பத்தாவது பாட்டு

சட்டைப் பையில் கைவிட்டு ஒடீல் மறுபடியும் தேடுகிறவள்போல நடித்தாள். ட்ரம்பெட்டின் வாய்முனை அங்கே இல்லையென்று அவளுக்குத் தெரியும். காலையில் தேவாலயத்தில், சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கோட்டுப் பைக்குள் அதைப் போட்டதே அவள்தான். அது இல்லாவிட்டால் யாரும் அவளை ஊதச் சொல்ல முடியாது.

த்ரெமே பேட்டையின் நெடுஞ்சாலைப் பாலத்துக்கடியில் சவ வண்டி நின்றது. பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சோகப் பாட்டை கிளாரினெட் வாசித்து முடித்தாயிற்று. இனி ட்ரம்பெட் கூவவேண்டும். அந்த ஊர் வழக்கப்படி, அது கூவினால்தான் பிணத்தை விடுவித்ததாகும். வண்டி கல்லறைக்குப் போகும், ஜனம் ஆடும்.

"உங்கப்பன் கச்சேரிக்குத்தான் லேட்டா வருவான். சாவுலயும் நம்மள வெயில்ல நிறுத்திட்டானே!" என்றாள் குடையோடு நின்ற ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

பாலம் கட்டுவதற்காக இடித்த மதுக்கடைகளில்தான் அந்தப் பேட்டையின் பாட்டெல்லாம் பிறந்தது. கடைக்கொரு பாட்டென்று அப்பா ஆல்பம் போட்டார். ஒன்பது முடிந்தது. பத்தாவதை ஊதும்போது, உச்சத்தில், ஒடீலின் பக்கத்திலேயே சரிந்தார். தாத்தாவும் ஊதும்போதே போனவர். அந்த நெஞ்சுதானே தனக்கும் என்று அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. இன்று எல்லோரும் கேட்பது அந்தப் பத்தாவதைத்தான்.

"என்னடி தேடுற?" லூசியன் சித்தப்பா முரசோடு பக்கத்தில் வந்தார். சோகப் பாட்டுக்காக, ஓசையை அடக்க முரசின் நரம்புக்கடியில் சொருகிய கைக்குட்டை இன்னும் அப்படியே இருந்தது.

"வாய்முனைய வீட்லயே விட்டுட்டேன் போல, சித்தப்பா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"பொட்டிய மூடுறப்ப எடுத்துட்டேன். அவனுக்கு எதுக்கு அது? மூச்சா விடப்போறான்?"

அவள் வாங்கிக்கொண்டாள். "பயமா இருக்கு சித்தப்பா. அந்த எடம் வந்தா..."

"எனக்கும்தான். இங்கயே நிக்கிறேன், ஊது."

அவர் கைக்குட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

வாய்முனை உதட்டில் சில்லென்றது. முதல் கூவல் பிசிறியது. யாரோ "ஐயோ!" என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. பாட்டு ஏறியது. அப்பா சரிந்த இடம் வந்தது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊதியதைப் பாலம் திருப்பி அனுப்பியது.

பக்கத்தில் கைக்குட்டையை உருவும் சத்தம். முரசு தடதடத்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.